சாவி மேனேஜர்கிட்ட இருக்கு

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, ‘எனக்கு சுகர், பாயசம் வேணாம்’ என்று நாலு இலை தள்ளிக் கேட்கும்படி சொல்கிறோம். யாரும் முகம் சுளிப்பதில்லை. பி.பி., மூட்டு வலி, பைபாஸ் எல்லாமே நமக்குப் பந்திப் பேச்சுதான். ‘எனக்குப் பெருங்குடலில் புண், ஒரு நாளைக்குப் பத்து தடவை டாய்லெட் போறேன்’ என்று ஓர் இருபத்து மூன்று வயதுப் பெண் அதே பந்தியில் சொல்லிவிட முடியுமா?

நண்பரின் மகள் அப்படி ஒருத்தி. வியாதியின் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே பெருங்குடலின் உள்சுவரைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. ரத்தத்தோடு பேதி, முறுக்கும் வலி. சில மாதம் அடங்கியிருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி கிளம்பும். மருந்தில் கட்டுப்படும், அடியோடு தீராது. யாருக்கும் தொற்றாது. பெரும்பாலும் பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் ஆரம்பிக்கிறது. அதாவது காலேஜ், வேலை, கல்யாணம் எல்லாம் வரிசை கட்டி நிற்கிற வயசு.

வயிறு முறுக்கினால் ஐந்து நிமிஷம்கூட அவகாசம் தராது. ‘கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணிக்கோயேன்’ என்று புத்தி சொல்லும் பெரியவர்களே, வலிப்பு வந்தவரிடம் இப்படிச் சொல்வீர்களா?

“அங்கிள், மெட்ராஸே எனக்கு டாய்லெட் மேப்பாத்தான் தெரியும்” என்றாள். வேலைக்குப் போக குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில். பெட்டியில் கழிப்பறை கிடையாது. எந்த ஸ்டேஷனில் கதவு திறந்திருக்கும், எந்த பெட்ரோல் பங்க்கில் பூட்டு தொங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆபீஸ் நாளில் காலையில் பட்டினி. ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியபோது, ‘இப்பதான் பூசினாப்ல அழகா இருக்கே’ என்று பாராட்டு வேறு!

ஒரு தீபாவளிக்கு முன்னால் தி.நகரில் பெரிய துணிக்கடை. நாலு மாடி, லிஃப்ட், ஏ.சி. எல்லாம் உண்டு. புடவை பார்த்துக்கொண்டிருக்கும்போது வயிறு முறுக்கியது. ஓடிப்போய்க் கேட்டாள். “ஸ்டாஃபுக்கு மட்டும்தாம்மா. சாவி மேனேஜர்கிட்ட இருக்கு.” மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார்.

அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

அன்றிலிருந்து கடைக்கில்லை, சினிமாவுக்கில்லை, பிறந்த நாள் பார்ட்டிக்கில்லை. ‘ரொம்ப ஹெட்வெயிட்’ என்று சிநேகிதிகள் விலகிவிட்டார்கள். அவளை வீட்டில் அடைத்தது பாதி வியாதி என்றால், பாதி அந்தச் சாவி.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஆலி பெய்ன் என்ற பதினான்கு வயதுச் சிறுமிக்கும் ஒரு கடையில் இதேதான் நடந்தது. அவளுக்கு இருந்தது குரோன்ஸ், இதன் பங்காளி வியாதி. அம்மாவோடு நேரே சட்டமன்ற உறுப்பினரிடம் போனாள். 2005-ல் சட்டமே வந்துவிட்டது: இப்படிப்பட்ட வியாதி உள்ளவருக்குக் கடை ஊழியர்களின் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும். அதன்பின் வேறு பல மாநிலங்களும் அதேபோல் சட்டம் போட்டன.

இங்கே 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஹீமோபிலியா, தலசீமியா இருக்கின்றன. இருக்க வேண்டியதுதான். குடல் நோய் இல்லை. இவர்கள் கேட்பது இட ஒதுக்கீடு அல்ல சாமி, ஒரு சாவி!

‘திறந்துவிட்டால் கண்டவனும் வந்து அசிங்கம் பண்ணுவான்’ என்கிறார்கள் கடைக்காரர்கள். சரி, டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டை உள்ளவருக்கு மட்டும் திறங்கள். தொழில் உரிமம் தரும் மாநகராட்சி, நிபந்தனைகளில் ஒரு வரி கூடுதலாக எழுதட்டும். நாலு மாடி கட்டியவருக்கு இது பாரமா?

பெண் பார்க்க வருகிறவர்களிடம் மூச்சுவிடக்கூடாது என்பது அவள் பாட்டியின் உத்தரவு. ஜப்பானின் ஷின்ஸோ அபேக்கும் இதே வியாதிதான். 2007-ல் பிரதமர் பதவியை விட்டபோது அவரும் முதலில் அரசியல் காரணத்தைத்தான் சொன்னார். 2020-ல் மறுபடி விலகியபோது வியாதியின் பெயரைச் சொல்லியே விலகினார். நடுவில் ஏறக்குறைய எட்டு வருஷம் தொடர்ச்சியாக நாட்டை ஆண்டிருக்கிறார். பாட்டியிடம் சொன்னேன். “அவர் ஆம்பளை” என்றார். பதில் தெரியாமல் வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் கும்பகோணத்தில் சித்தி பெண் கல்யாணம். பஸ் பேச்சே கிடையாது, ரயில்தான். ஏறியதும் கழிப்பறையை ஒட்டிய பெர்த்காரரிடம் போய், “மாத்திக்கிறீங்களா?” என்று கேட்பாளாம். இதுவரை ஒருத்தரும் மாட்டேன் என்றதில்லையாம்.