கோழிக்குக் கொஞ்சம் நிம்மதி

தீவனத்தில் அமுக்கராப் பொடியைக் கலந்தால் கோழி பதற்றப்படாது என்று பை பையாக விற்கிறார்கள். சிரிக்க வேண்டாம். சுக்கும் மிளகும் மணக்கும் மட்டாஞ்சேரி வட்டாரத்தில் இந்த யோசனைக்கு 300 வருஷத்துக்கு மேற்பட்ட முன்கதை இருக்கிறது.

மலபாரின் டச்சு ஆளுநர் வான் ரீட், கொச்சி ராஜாவின் ஒத்தாசையோடு, இட்டி அச்சுதன் என்ற வைத்தியரையும் மூன்று கொங்கணி பண்டிதர்களையும் வைத்துக்கொண்டு உள்ளூர் மூலிகைகளைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த அந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் சர்ப்பகந்தியும் உண்டு. அதன் வேர், நம் வைத்தியத்தில் மனக்கலக்கத்துக்கு மருந்து. 1952ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி அதிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. ரத்த அழுத்தக்காரர்களுக்குப் போன மருந்து, சில ஆண்டுகளில் அமெரிக்க வான்கோழிகளின் தீவனத்துக்கும் போய்விட்டது! கொழுத்த வான்கோழிகள் மகாதமனி கிழிந்து திடீர் திடீரென்று செத்துக்கொண்டிருந்தன. அதைத் தடுக்கத்தான்.

கோழிக்கு என்ன டென்ஷன் என்கிறீர்களா? அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் வெப்பமே சுமார் 41 டிகிரி செல்சியஸ். வெயில் ஏறினால் வாயைப் பிளந்து மூச்சிரைக்கும். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேற, ரத்தத்தில் காரத்தன்மை கூடும், முட்டை ஓடு மெலியும். எதிர்ப்பு சக்தியும் குறையும். பிறகு ஆன்டிபயாடிக்கைத் தேட வேண்டியதுதான். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமான கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுக்க மத்திய அரசு தடை போட்டதே 2019ல்தான்.

ஆகவே அமுக்கரா, துளசி, நெல்லியைப் பரிசோதிப்பது நல்ல காரியம். நூறு கிலோ தீவனத்துக்கு அரை கிலோ, ஒரு கிலோ என்று கலந்து பார்த்திருக்கிறார்கள். சில சோதனைகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் பெரிதாக இல்லை. ஆனால் பொடியை வாங்குமுன் கூரைக்கு வெள்ளையடிக்கலாம், குளிர்ந்த தண்ணீர் வைக்கலாம், உச்சி வெயிலில் தீவனத்தை நிறுத்தலாம். செலவும் குறைவு.

இன்னொன்று இடம். கூண்டில் ஒரு முட்டைக்கோழிக்கு 2023ஆம் ஆண்டு விதிகள் கேட்பது 550 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளை விடக் குறைவு. அந்த இடத்தில் நிற்கும் கோழியைப் பொடி போட்டுச் சாந்தப்படுத்துவதை வைத்தியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தமிழ்நாட்டுப் பண்ணைகளிலிருந்து வாளையாறு தாண்டிக் கேரளத்துக்கு லாரியில் வரும் பிராய்லர்களுக்கு இதுவும் இல்லை. ஏற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுவார்கள்.