கொழுந்துக்கு வெட்டிய பாதை

மலைநாட்டில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்தால், மறுநாள் சொல்லுவதற்கு இரண்டு சொற்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, விதி, மற்றையது, சாரதியின் கவனயீனம். இவ்விரண்டினாலும் பிணங்களைப் போர்த்திவிட்டு நாடு தன் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறது.

2025 மே 11 ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ், கொத்மலை கெரண்டியெல்லப் பகுதியில் பள்ளத்தில் பாய்ந்தது. எழுபதுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாரதி தவறியிருக்கலாம். ஆனால், இருக்கைகளுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றும் வழக்கத்தையும் அவனா உண்டாக்கினான்? தவறிய சக்கரத்தைத் தாங்கி நிறுத்தும் வலுவான மதில், நமது மலைவீதியின் எத்தனை வளைவுகளில் உண்டு? மனிதன் தவறக்கூடியவன் என்பதை உணர்ந்து அமைப்பதன்றோ வீதி!

நீர்வழியின் கதையும் இதுவே. 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியும்வரை மாற்றுவழியென மக்களுக்குக் கிடைத்தது ஒரு படகுப்பாதை. அது கவிழ்ந்தது, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் பிணமாகக் கரை சேர்ந்தனர்.

பெருவீதிக்கும் துறைக்கும் இந்தக் கதியென்றால், தோட்டத்துப் பாதையின் கதியை என்னென்பது? தெல்தோட்டையில் பாடஞ் சொல்லும் நாம், மழைநாளில் வகுப்பின் பின்வாங்குகள் வெறுமையாகக் கிடப்பதைக் காண்கிறோம். மேற்கணக்குப் பிள்ளைகள் வரவில்லை, பாதை வழுக்குகிறது. நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றிக் கொண்டுபோகும் காட்சியும் மலைநாட்டுக்குப் புதியதன்று.

இங்கிருந்து வெகு தொலைவிலில்லாத லூல்கந்துரையில்தான் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று முதல் இம்மலைகளில் வெட்டிய பாதைகள் கொழுந்தைத் தொழிற்சாலைக்குச் சேர்க்கவே வெட்டப்பட்டன. கொழுந்து பறித்தவள் எப்படி வைத்தியசாலை போய்ச் சேருவாள் என்று எவரும் எண்ணவில்லை. 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் பெரும்பாலானவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. முதலாளி மாறினான், பாதை மாறவில்லை.

சட்டமும் துணை நின்றது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்து மக்களுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்தது. வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்குள் ஏறிவரலாம். கல்லும் தாரும் ஏறிவரலாகாது! 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. இன்று தடை நீங்கியும் சபை தோட்டத்தைக் காட்டுகிறது, தோட்டம் சபையைக் காட்டுகிறது. நடுவே குழி ஆழமாகிக்கொண்டு போகிறது.

‘பணமில்லை’ என்பர். இம்மலைகளின் தேயிலை ஈட்டிய அந்நியச் செலாவணியில் நாடு நூறாண்டுக்கு மேல் உண்டு உடுத்தது. அதில் ஒரு பங்கைப் பாதையாகத் திருப்பிக் கேட்பது பிச்சையன்று, வராத கூலி.

ஆகவே நாம் வேண்டுவது அனுதாபச் செய்தியன்று. தோட்டப்பாதை ஒவ்வொன்றும் பொதுவீதியெனப் பதியப்படட்டும். அதற்குப் பொறுப்பானவர் யாரென எழுதப்படட்டும். வளைவுக்கு மதில் எழட்டும். அதன் பின்னரும் ஒரு பஸ் கவிழுமாயின், அன்று விதியைப் பற்றிப் பேசுவோம்.