கொழுப்பு மூடையும் லயத்து மாடும்

கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டங்களில் கறவை மாடு வளர்ப்போரிடம் பேச்சுக் கொடுத்தால், பால் விலைக்கு அடுத்தபடியாக வரும் முறைப்பாடு இதுதான்: கன்று ஈன்று நான்கு மாதமாகியும் மாடு சினைப்படவில்லை. ஒரு பருவம் தவறினால் 21 நாட்கள் வீண். அந்நாட்களிலும் புல்லறுக்க வேண்டும், புண்ணாக்கு வாங்க வேண்டும். கொழுந்துச் சம்பளத்தோடு பால் காசையும் சேர்த்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் வீட்டில் இது சிறிய நட்டமன்று. இதற்குப் பரிகாரமாகக் கொழுப்பு மிகுந்த தீவன மூடையைச் சிபாரிசு செய்கிறார்கள்.

அதன் பின்னாலுள்ள அறிவியல் பொய்யன்று. கன்று ஈன்ற மாடு உண்பதால் பெறும் சக்தியைவிடப் பாலில் இழப்பது அதிகம். குறைவை உடற்கொழுப்பைக் கரைத்து ஈடுசெய்கிறது. அது அளவு மீறும்போது ஈரலில் கொழுப்புப் படிகிறது. இரத்தத்தில் கீட்டோன்கள் பெருகுகின்றன. சூலகத்தைத் தூண்டும் ஹோர்மோன்கள் குன்றுவதால் மாடு பருவத்துக்கு வரத் தாமதிக்கிறது. கொழுப்போ மாவுப்பொருளைவிட ஏறத்தாழ 2.25 மடங்கு சக்தி தருவது. கருவைக் காக்கும் புரோஜெஸ்தரோன் உருவாகத் தேவையான கொலஸ்ட்ரோலையும் அது கூட்டுகிறது.

எண்ணெயை அப்படியே ஊற்றினால், முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நலிந்துவிடும். இதற்கு வழியாக, 1980களில் அமெரிக்காவின் ஒகையோவில் பாம்குவிஸ்ட், ஜென்கின்ஸ் ஆகியோர் கொழுப்பமிலங்களைக் கல்சியத்தோடு சேர்த்து ஒருவகைச் சவர்க்காரமாக்கினர். முதல் இரைப்பையில் கரையாத இது, அமிலம் மிகுந்த நான்காவது இரைப்பையில் பிரிந்துவிடும். இன்று மூடையில் வருவது பெரும்பாலும் செம்பனை எண்ணெயிலிருந்து பெற்ற இத்தகைய சவர்க்காரமே.

என் கேள்வி, இது யாருடைய மாட்டுக்கு என்பதே. 2012ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலிருந்து அரச பண்ணைகளுக்குக் கொண்டுவரப்பட்டவை போன்ற உயர்கறவை இனங்களுக்கு, நல்ல தீவனத்தின் மேல் இதையும் கொடுப்பதில் நியாயமுண்டு. லயத்துக்குப் பின்னால் நிற்கும் எட்டு லீற்றர் மாட்டின் கதை வேறு. கினிகத்தேனை மழைக்குப் பெயர்போன இடம். மழைக்காலத்து இளம்புல்லில் உலர்பொருள் 100க்கு 15 முதல் 20 பங்குதான். 40 கிலோ புல் சுமந்து வந்து போட்டாலும் தேறுவது ஆறு முதல் எட்டுக் கிலோ. 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கோ ஏறத்தாழ 12 கிலோ வேண்டும். வயிறு புடைத்திருக்கும், மாடு பட்டினியாயிருக்கும். மேலதிகமாகக் கொடுக்கும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் எண்ணெய் உண்டு. அதுவும் நுண்ணுயிர்களுக்கு ஒவ்வாத வகை. இதன் மேல் இன்னொரு கொழுப்பைச் சேர்த்தால் தின்னும் அளவுகூடக் குறையலாம்.

ஆகவே அறுத்த புல்லைச் சிலமணி நேரம் வாடவிடுவதும், தாதுக்கலவை கொடுப்பதும், பருவம் கண்ட அன்றே சினையூசி போடுபவர் வந்து சேர்வதும் முதலில் நடக்கட்டும். கடைசிக் காரியம் நம் கையிலில்லை என்பது வேறு விடயம். அதன் பிறகும் பால் கூடிய மாடு மெலிந்தால், நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் பாதுகாக்கப்பட்ட கொழுப்பைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுக் கொடுக்கலாம்.

புல்லுக்கு நிலம் எங்கே என்று கேட்பீர்கள். 1992 முதல் தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பனிகளிடம் தேயிலை கைவிடப்பட்ட தரிசு கிடக்கிறது. தொழிலாளிக்கு வீட்டோடு கிடைப்பது சில பேர்ச் மட்டுமே. அதில் வீட்டைக் கட்டிய பின் மாட்டுப்பட்டிக்கே இடமில்லை. தீவன நிறுவனங்களை அழைத்துக் கருத்தரங்கு நடத்தும் அதிகாரிகள், அந்தத் தரிசில் ஆளுக்குக் கால் ஏக்கரைப் புல்லுக்கு ஒதுக்கும்படி கம்பனிகளை அழைத்துக் கேட்கட்டும்.