நீங்க குடிச்சா ஒயின், அவன் குடிச்சா சரக்கா?

எங்க ஊர்ப் பக்கம் முன்னாடி எல்லா பஜாரிலும் ஒரு ஒயின் ஷாப் இருக்கும். அங்கே பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், சுண்டல் கிடைக்கும், சாயங்காலமானா அடிதடியும் கிடைக்கும். கிடைக்காத ஒரே சமாச்சாரம் ஒயின். 2004ல் பெட்டி படுக்கையோட புனே வந்து இறங்கினா இங்கேயும் அதே கதை. தெருவுக்கு ஒரு 'வைன்ஸ்' போர்டு, உள்ளே விஸ்கியும் பீரும். ஆக, ஒயின்னா என்னன்னே தெரியாம ஒயின் ஷாப்புகளுக்கு நடுவில் வளர்ந்த கோஷ்டி நாம.

நான் ஒயின் பக்கம் ஒதுங்கினது ஆசையில் இல்லை, அவமானத்தில். பிரான்ஸ்ல இருந்து வந்த கிளையன்ட் ஒருத்தர் டின்னர்ல ஒயின் லிஸ்டை என் கையில் கொடுத்து "நீயே சொல்லு"ன்னுட்டார். நானும் கெத்தா ஒரு சிவப்பு ஒயினைச் சொல்லி, கூடவே "நிறைய ஐஸ் போட்டு"ன்னும் சொன்னேன். அவர் முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

அந்த ரோஷத்தில்தான் வகுப்பில் சேர்ந்தேன். லண்டன்ல 1969ல் ஆரம்பிச்ச ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட்னு ஒரு அமைப்பு, உலகம் பூரா அவங்க பாடத்திட்டம்தான். முதல் நிலை சும்மா ஒருநாள் கூத்து. கடைசியில் 45 நிமிஷத்துல 30 கேள்வி, சரியான விடையை டிக் பண்ணணும். மும்பை போய் எழுதி பாஸ் பண்ணிட்டேன். காலேஜ்ல அரியர் வச்சவனுக்கு அது எவ்வளவு சந்தோஷம்னு சொன்னாப் புரியாது.

உள்ளே போனா மேசைக்கு மேசை ஒரு படிக்கம்! எங்க ஆச்சி வெத்தலை துப்ப வச்சிருந்த அதே ஜாதிதான், கொஞ்சம் பளபளப்பு ஜாஸ்தி. வாயில் ஊத்தி, சுழட்டி, துப்பணும். குடிக்காதேன்னு சொல்லிக் கொடுக்கிற குடி வகுப்பை நான் அங்கேதான் பார்த்தேன் :-)

அப்புறம் வாசனை. ஆசிரியர் "பிளாக்கரன்ட்"னார். பன்னிரண்டு பேர்ல ஒருத்தரும் அந்தப் பழத்தைக் கண்ணால பார்த்ததில்லை. ஆனா பன்னிரண்டு தலையும் ஆடிச்சு. எனக்கு பல்பு எரிஞ்சது ஷிராஸ்ல. மூக்கைக் கிட்டே கொண்டு போனா நல்லமிளகு. சத்தியமா எங்க வீட்டு ரசப்பொடி டப்பா. பிறகு படிச்சேன், மிளகுக்கும் ஷிராஸுக்கும் அந்த வாசனையைத் தர்றது ரொட்டண்டோன்னு ஒரே பொருள்தானாம். ஆஸ்திரேலியாக்காரங்க 2008ல் கண்டுபிடிச்சாங்க. சாவிஞ்யான் பிளாங்க்ல வர்ற குடமிளகாய் வாசனையும் அப்படித்தான், ரெண்டிலும் இருக்கிறது ஒரே வகைப் பொருள். நம்ம கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை இருக்கே, அது மஸ்கட் ஹாம்பர்க்னு ஐரோப்பாவில் பேர் போன ரகம். பன்னீர்னு பேர் வச்ச மகராசனுக்கு எந்த வகுப்பும் தேவைப்படலை. மூக்கு இருந்திருக்கு.

அதுக்கப்புறம் ஊர் சுத்தல். புனேயில் இருக்கிறதுல இது ஒரு வசதி. நாசிக் ரோட்டுல ரெண்டு மணி நேரத்துல நாராயண்காவ். 1980கள்ல ஷாட்டோ இண்டேஜ்காரங்க 'ஓமர் கய்யாம்'னு நுரை ஒயின் செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்பின ஊர் (கம்பெனி பின்னாடி கடன்ல மூழ்கிடுச்சு). இன்னும் மேலே போனா நாசிக். ஆரக்கிள் வேலையை உதறிட்டு வந்த ராஜீவ் சாமந்த் ஆரம்பிச்ச சூலா அங்கேதான், முதல் ஒயின் 2000ல். வேலையை விடறேன்னு நாம வருஷா வருஷம் சொல்றோம், அந்த ஆள் விட்டார். தெற்கே போனா சோலாப்பூர் மாவட்டம் அக்லுஜ்ல ஃபிராடெல்லி. இத்தாலியச் சகோதரர்கள், டில்லிச் சகோதரர்கள், உள்ளூர் மோஹிதே பாட்டீல் சகோதரர்கள்னு மூணு ஜோடி சேர்ந்து ஆரம்பிச்சது. ஐரோப்பாவில் திராட்சைக்கொடி குளிர்காலத்துல தூங்கும். இங்கே தூங்காது. அதனால வருஷத்துக்கு ரெண்டு வாட்டி கவாத்து, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும். அறுவடை ஜனவரியில் இருந்து மார்ச் வரை. தோட்டத்துக்காரர் ஒருத்தர் இதைச் சொல்லும்போது அவர் குரல்ல இருந்த பெருமையைக் கேட்கவே போகலாம்.

நிற்க. இவ்வளவு ரசிச்சுச் சொல்றவன் ஏன் காட்டமா தலைப்பு வச்சிருக்கேன்னா, காரணம் 2025 ஜூன் மாசத்து ஞாயித்துக்கிழமை ஒண்ணு.

நாங்க மூணு தமிழ்க் குடும்பம், நாசிக்ல ஒரு தோட்டம், வெளியே நல்ல மழை. ஆளுக்கு அஞ்சு வகை ருசி பார்த்தாச்சு. நண்பர் ஒருத்தர் (நல்ல மனுஷன், எனக்கு வீடு மாத்த லாரி பிடிச்சுக் கொடுத்தவர்) கண்ணாடிக் கோப்பையைச் சுழட்டிக்கிட்டே போனைப் பார்த்தார். தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் சீமான் பனையேறிக் கள் இறக்கின செய்தி. நண்பர் சிரிச்சார். "பாருங்க பாஸ், எல்லாம் குடிகாரப் பசங்க. கள்ளுக்குப் போராட்டமாம். நாடு உருப்படுமா?" சொல்லிட்டு நாலாவது கோப்பையை முடிச்சார். படிக்கம் பக்கம் அவர் கை போகவே இல்லை.

நான் கேட்டேன், "பாஸ், அப்ப உங்க கையில இருக்கிறது என்ன?"

"இது வேற பாஸ். இது கல்ச்சர். ஹார்ட்டுக்கு வேற நல்லது."

சீமான் அரசியலுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனா அந்த "இது வேற" இருக்கே, அதை நான் விடறதா இல்லை. பாஸ்டன்ல இருந்து நாபா போறவங்க, மெல்போர்ன்ல இருந்து யாரா பள்ளத்தாக்கு போறவங்க, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

முதல்ல கணக்கு. டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, சாராயச் சத்து 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹால் 77 மில்லி. ஒரு பாட்டில் ஒயின் 750 மில்லி, 13 சதவீதம்னு வைங்க. 97.5 மில்லி. ஆமா, சனிக்கிழமை ராத்திரி படம் பார்த்துக்கிட்டே நீங்களும் தங்கமணியும் காலி பண்ற அந்த அழகான பாட்டிலுக்குள்ள ஒரு குவார்ட்டரும் அதுக்கு மேல கால் பங்கும் உட்கார்ந்திருக்கு. கள் 5 சதவீதம்னா, ஒரு கோப்பை ஒயினும் ஒரு செம்புக் கள்ளும் ஏறக்குறைய ஒண்ணு. ஈரலுக்குப் பிரெஞ்சு தெரியாது.

அடுத்து அந்த ஹார்ட் சமாச்சாரம். 1991ல் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒண்ணு, பிரெஞ்சுக்காரன் வெண்ணெயா சாப்பிட்டும் நெஞ்சுவலி கம்மியா இருக்கான், காரணம் சிவப்பு ஒயினா இருக்கலாம்னு கொளுத்திப் போட்டது. அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறிடுச்சு. அதைத்தான் முப்பது வருஷமா நாம பாட்டி வைத்தியம் மாதிரி சொல்லிட்டிருக்கோம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாச் சொல்லிடுச்சு, உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவுன்னு மதுவில் எதுவும் கிடையாதுன்னு. ஒயினுக்குத் தனிச்சலுகை தரலை. எனக்கு ஒயின் பிடிக்கும், குடிக்கிறேன். மருந்துன்னு சொல்லிக் குடிக்கிறது ஏமாத்து வேலை.

மகாராஷ்டிர அரசாங்கமும் இந்த "இது வேற"வை விட்டதில்லை. 2001ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குன்னு ஒரு கொள்கை போட்டாங்க. உள்ளூர் ஒயினுக்குக் கலால் வரி விலக்கு, நாசிக் விஞ்சூர்லயும் சாங்லி பலூஸ்லயும் ஒயின் பூங்கா. விவசாயி பொழைக்கணும்னு காரணம் சொன்னாங்க, நல்ல காரணம். 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்ல ஒயின் விக்கலாம்னு மந்திரிசபை முடிவெடுத்தப்போ, ஆளும் கூட்டணித் தலைவர் ஒருத்தர் ஒயின் மதுவே இல்லைன்னுட்டார். அண்ணா ஹசாரே உண்ணாவிரதம்னு மிரட்டினார், முடிவு அமலுக்கு வரலை. ஆனா வரி விலக்கு கொடுத்தப்போ சொன்ன அந்த வாதத்தைப் பாருங்க. விளைபொருள், விவசாயி, கிராமத்து வருமானம். இந்த மூணும் பனைக்குப் பொருந்தாதா? பனை தமிழ்நாட்டோட மாநில மரம். அதில் இருந்து கள் இறக்கினா 1987ல் இருந்து குத்தம். எல்லை தாண்டிக் கேரளாவில் ஷாப்பு உண்டு, காரைக்கால்ல உண்டு. இங்கே புனேயில் ரோட்டோரம் 'நீரா' ஸ்டால்ல பதநீரோட ஒண்ணுவிட்ட தம்பியை டம்ளர்ல ஊத்திக் கொடுக்கிறாங்க. நம்ம பிள்ளைங்களும் வாங்கிக் குடிக்குது.

எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னு கேட்கலாம். எங்க தாத்தா பனையேறி. உடன்குடிக்குத் தெற்கே தேரிக்காட்டுச் செம்மண்ணில், காலையிலும் சாயங்காலமும் முப்பது பனை. நெஞ்சில் பனை உராய்ஞ்சு காய்ப்புக் காய்ச்சுக் கிடக்கும், சின்ன வயசுல நான் அதைத் தடவிப் பார்த்துக்கிட்டே தூங்கியிருக்கேன். பாளையை இடுக்கி, நசுக்கி, நாளுக்கு ஒரு மெல்லிசான சீவல். கொஞ்சம் ஆழமாச் சீவினா பாளை போச்சு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாட்டி காத்துல இருக்கிற ஈஸ்டே சில மணி நேரத்துல அதைக் கள்ளாக்கிடும். வகுப்புல 'டெர்வார்'னு ஒரு பிரெஞ்சு வார்த்தையை ஒரு மணி நேரம் விளக்கினாங்க. மண்ணும் மழையும் வெயிலும் சேர்ந்த ஊர் ருசியாம். தாத்தா அதை எச்சில் துப்புற நேரத்துல சொல்லிட்டுப் போயிடுவார்: "கடக்கரைப் பனை பதனி லேசா கரிக்கும்லே, தேரிப் பனை பதனிதான் தேனு." நாசிக்ல அதே விஷயத்தை விளக்கினவருக்கு நாங்க கை தட்டினோம்.

தடை வந்தப்போ நான் நாலாங்கிளாஸ். தாத்தா அப்புறமும் பதநீருக்குத்தான் ஏறினார், கருப்பட்டிக்கு. ஒருநாள் கலயத்துல சுண்ணாம்பு பத்தலை, இது கள்ளுதான்னு சொல்லி போலீஸ்காரங்க கலயம் அத்தனையும் உடைச்சு, அவரை ஸ்டேஷன்ல உட்கார வச்சுட்டாங்க. ராத்திரி வீட்டுக்கு வந்தவர் சாப்பிடலை. மறுநாள் மரத்துக்குப் போகலை. அடுத்த வருஷம் அருவாள் பெட்டியை விலைக்குக் கொடுத்துட்டார்.

இதைச் சொல்லிட்டு இன்னொண்ணைச் சொல்லலைன்னா நானும் நண்பர் மாதிரிதான். எங்க சித்தப்பா தாத்தா கூட மரத்தடியில் கள் குடிச்சு ஆரம்பிச்சவர். கள்ளு போய் சாராயம், சாராயம் போய் பிராந்தி, 2003ல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்ததும் அரசாங்கக் கடை. 2011ல் ஈரல் கெட்டுச் செத்தார், வயசு 49. கள் இருந்திருந்தா பிழைச்சிருப்பார்னு நான் சொல்ல மாட்டேன். கள் உணவு, கள் மருந்துன்னு ஊர்ல சிலர் மேடை போட்டுப் பேசுறதும் எனக்கு ஹார்ட்டுக்கு நல்லது கதை மாதிரிதான் கேட்குது. கள்ளும் மதுதான். ஒயினும் மதுதான். நான் கேட்கிறது, ஒண்ணுக்கு டூரும் இன்னொண்ணுக்கு லாக்கப்பும் எந்த நியாயத்துல?

கலப்படம் வருமேன்னு கேட்பீங்க. வரும். 2025 ஜூலையில் ஹைதராபாத் குக்கட்பள்ளியில் கலப்படக் கள் குடிச்சுப் பல பேர் செத்தாங்க. ஒயின் மட்டும் யோக்கியமா? 1985ல் ஆஸ்திரிய ஒயின்ல டை எத்திலீன் கிளைக்கால் கலந்து பிடிபட்டாங்க. 1986ல் இத்தாலி ஒயின்ல மெத்தனால் கலந்து 20க்கும் மேல செத்தாங்க. இத்தாலி திராட்சைக் கொடியை வெட்டலை, பரிசோதனையையும் சட்டத்தையும் இறுக்கிச்சு. நம்ம ஊர்ல கள்ளுக்குத் தடை இருக்கும்போதே 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிரைக் குடிச்சது. டாஸ்மாக் குவார்ட்டர் கட்டுப்படியாகாம பாக்கெட் வாங்கின கூலிக்காரங்க. அன்னிக்கும் நம்ம வீட்டு வரவேற்பறைகள்ல "குடிகாரப் பசங்க"தான் பேச்சா இருந்தது.

நாசிக்ல இருந்து திரும்பி வர்ற வழியெல்லாம் வண்டியில் யாரும் பேசலை. நண்பர் மூணு வாரம் போன் எடுக்கலை. இப்போ பேசறார், ஒயின் தவிர மத்ததெல்லாம் பேசறோம்.

அம்மா தீபாவளிக்குப் புனே வந்திருந்தாங்க. வழக்கமா அவங்க வர்றப்போ பாட்டிலை எல்லாம் துணி பீரோவுக்குள்ள ஒளிச்சு வைப்பேன், நாற்பத்தேழு வயசுல! இந்தத் தடவை ஒளிக்கலை. ஃபிரிட்ஜைத் திறந்து, "இது என்னதுய்யா?"ன்னு கேட்டாங்க. ஒயின்மா, மதுதான், மாசத்துல ரெண்டு நாள் குடிப்பேன், இதுக்கு ஒரு பரீட்சைகூட எழுதியிருக்கேன்னு சொன்னேன். தங்கமணி அடுக்களைக்குள்ள போயிட்டா. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் ஒரு சொட்டு ஊத்தச் சொல்லி, கோப்பையை மூக்குகிட்ட கொண்டு போனாங்க.

"புளிச்ச பதனி வாடைல்லா அடிக்கு. இதுக்கா யய்யா பரிச்சை எழுதின?"

கோப்பையைக் கீழே வச்சுட்டு, "உங்க சித்தப்பனும் மாசத்துக்கு ரெண்டு நாள்னுதான் ஆரம்பிச்சான்"னாங்க. எனக்குப் பதில் வரலை. மீதி பாட்டில் இன்னும் ஃபிரிட்ஜ்லதான் இருக்கு.