இரண்டு படிகளுக்கு இடையில் பத்துப் படிகள்

கட்டுரையொன்றை எழுதி முடித்தவர் அதனை அச்சுக்கு அனுப்புமுன் யாரிடம் காட்டவேண்டும்? கதையாயின் நண்பரிடம் காட்டலாம். அரசியல் கட்டுரையாயின் ஆசிரியபீடம் பார்த்துக்கொள்ளும். கணித முறையொன்றைப் பொதுவாசகருக்கு விளக்கும் கட்டுரையாயின் நிலைமை வேறு. தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் நான் கழித்த ஆண்டுகளில், அத்தகைய கட்டுரையின் சந்திப் பிழைகளைத் திருத்தப் பலர் இருந்தனர். அதிலுள்ள கணக்கைப் போட்டுப் பார்க்க எவரும் இருந்ததில்லை. எழுதியவர் கணித ஆசிரியர், ஆகவே சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் அது அச்சேறும். விளங்காத வாசகர், குறை தம்முடையதென்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். எழுதியவருக்குக் கிடைப்பது "அருமை" என்ற ஒற்றைச் சொல். அச்சொல்லால் எந்தக் கட்டுரையும் திருந்தியதில்லை.

கணிதத்தை எழுதுவோருக்குச் சக வாசிப்பு எவ்வளவு தேவை என்பதற்கு நமக்கு அண்மையிலுள்ள சான்று சீனிவாச இராமானுஜன். 1911 இல் பேர்ணூலி எண்கள் பற்றிய அவரது கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. அது வந்தவுடன் அச்சேறவில்லை. சஞ்சிகையின் ஆசிரியர் எம். ரி. நாராயண ஐயங்கார் அதனை ஒருமுறைக்கு மேல் திருப்பி அனுப்பித் திருத்துவித்தார். முறைகள் புதியன, ஆனால் சொல்லப்பட்ட விதம் மிகச் சுருக்கமானது, தெளிவற்றது, சாதாரண வாசகரால் பின்தொடர இயலாதது என்பதே அவர் கண்ட குறை. மறுத்தும் விடவில்லை, அப்படியே ஏற்றும் விடவில்லை.

மறு ஆண்டு இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞரானார். அங்கே உயர்பதவியில் இருந்த எஸ். நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். இருவரும் இரவுகளில் கற்பலகையில் கணக்குப் போடுவார்களாம். "என் மட்டத்துக்கு இறங்கி வந்து, உன்னுடைய இரண்டு படிகளுக்கு இடையில் பத்துப் படிகளாவது எழுது" என்ற பொருள்பட அவர் இராமானுஜனை வற்புறுத்துவார் என்று நாராயண ஐயரின் மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதே 1912 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் எம். ஜே. எம். ஹில், விரிதொடர்களைக் கையாளும்போது இராமானுஜன் எந்தக் குழியில் விழுந்திருக்கிறார் என்று எடுத்துக்காட்டி, படிக்கவேண்டிய நூலையும் எழுதி அனுப்பினார். ஒருவர் தெளிவைக் கேட்டார். ஒருவர் விடுபட்ட படிகளைக் கேட்டார். ஒருவர் பிழையைக் காட்டினார். மூன்றும் மூன்று வேலைகள். ஒருவரே மூன்றையும் செய்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நெடுங்கேணிப் பக்கத்தில் கற்பிக்கும் இளம் கணித ஆசிரியர் ஒருவர், குளத்து நீரின் கனவளவைக் கணிக்கும் முறைபற்றிக் கட்டுரை எழுதி, "ஐயா, அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்று எனக்கு அனுப்பியிருந்தார். வவுனியா வடக்கின் காட்டுக்கும் குளத்துக்கும் நடுவிலுள்ள ஊர் அது. 2008 இல் போர் நெருங்கியபோது சனங்கள் விட்டுச்சென்று, பின்னர் மீண்டு வந்து, பற்றைக்காடான வயல்களைத் திரும்ப வெட்டித் திருத்திய பூமி. அங்கு குளத்துக் கணக்கு என்பது வெறும் பாடசாலைக் கணக்கன்று. மாரி முடிந்ததும் கமக்காரர் கூடி, குளத்தில் நிற்கும் தண்ணீருக்குச் சிறுபோகம் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிக்கின்றனர். கணக்குப் பிழைத்தால் ஆடியில் குடலைப் பருவத்துப் பயிர் கருகும்.

ஆசிரியர் விளக்கிய முறை எளியது. சிறு குளங்களுக்குப் பொறியியலாளர் கையாளும் சூத்திரம்: நீர்ப்பரப்பை ஆழத்தால் பெருக்கி, வருவதை 0.4 ஆல் பெருக்கவேண்டும். நீர்ப்பரப்பு 100 ஏக்கர், ஆழம் 9 அடி என்றால் 360 ஏக்கர்-அடி தண்ணீர். கட்டுரை நல்ல தமிழில் இருந்தது, படமும் இருந்தது. என்னால் "அருமை" என்று எழுதி அனுப்பியிருக்க முடியும். அதற்குப் பதிலாக, அதனை மூவரிடம் காட்டும்படி கேட்டுக்கொண்டேன்: கணிதம் படித்த ஒருவர், குளத்தோடு வாழ்ந்த ஒருவர், இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர்.

கமக்காரப் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, ஆழம் எண்டு எந்த இடத்து ஆழத்தைச் சொல்லுறீர்?" குளத்தின் அடியிலிருந்து அளந்தால் ஓர் எண், துருசின் வாயிலிருந்து அளந்தால் வேறோர் எண். துருசுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் மாட்டுக்கும் மீனுக்கும் உதவும், வயலுக்குப் பாயாது. கட்டுரையில் அந்த வேறுபாடு இல்லை. எழுதியவருக்கு அது தெரியாததன்று. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மாணவி கேட்டது: "சேர், இந்த 0.4 எங்கேயிருந்து வந்தது?" மூன்று கேள்விகளில் இதுவே மிகக் கூர்மையானது. முறையைக் கற்றவர்கள் கேட்க மறந்துபோகும் கேள்வி.

கணிதப் பட்டதாரி நண்பர் அதற்கு விடை எழுதினார். தலைகீழாகக் கவிழ்த்த கூம்புபோலக் குளம் இருந்தால் குணகம் மூன்றில் ஒன்று. கிண்ணம்போல, பரவளைவு வடிவில் குழிந்திருந்தால் இரண்டில் ஒன்று. மேற்சொன்ன அதே குளத்துக்கு முதலாவதில் 300 ஏக்கர்-அடி, இரண்டாவதில் 450. ஏக்கருக்கு நான்கு ஏக்கர்-அடி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 75 ஏக்கர் விதைப்பதா 112 ஏக்கர் விதைப்பதா என்ற கேள்வியாக அது மாறுகிறது. 0.4 என்பது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் நடைமுறை மதிப்பு. எல்லாக் குளத்துக்கும் பொருந்தும் விதியன்று. அலைகரையில் மண் படிந்து மேடிட்ட குளத்துக்குப் பொருந்தாமலும் போகலாம்.

அவரே ஒரு வழியும் சொன்னார். தண்ணீர் பாதி ஆழத்துக்கு இறங்கும் நாளில் நீர்ப்பரப்பை இன்னொருமுறை அளவுங்கள். அடிப்பரப்பு, நடுப்பரப்பின் நான்கு மடங்கு, மேற்பரப்பு மூன்றையும் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, ஆறால் வகுத்தால் கனவளவு வரும். கெப்ளர் 1615 இல் வைன் பீப்பாக்களை அளப்பது பற்றி எழுதிய நூலோடும், பின்னர் சிம்சனின் பெயரோடும் இணைத்துப் பேசப்படும் விதி இது. நூறு ஏக்கர்க் குளத்தின் நடுப்பரப்பு 25 ஏக்கரானால் விடை கூம்பினுடையது. 50 ஏக்கரானால் கிண்ணத்தினுடையது. 35 ஏக்கரானால் சரியாக 0.4. இப்போது மாணவியின் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது, கமக்காரர் தமது குளத்துக்குரிய எண்ணைத் தாமே கண்டுகொள்ளும் வழியும் கிடைத்துவிட்டது. மூவர் வாசித்ததால் நேர்ந்த மாற்றம் இது. அவர்களுள் எவரும் மற்றவரின் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்.

கூம்புக்கும் கிண்ணத்துக்குமான இந்த விகிதம் பழையது. ஒரே அடியும் உயரமும் கொண்டால் பரவளைவுத் திண்மம் கூம்பின் ஒன்றரை மடங்கு என்பதைத் தாம் கண்டறிந்த முறையை, ஆக்கிமிடிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்த எரத்தோஸ்தனிசுக்கு எழுதி அனுப்பினார். மேலே பிரார்த்தனை நூல் எழுதப்பட்டுவிட்ட தோலேட்டிலிருந்து 1906 இல் ஹைபர்க் என்ற அறிஞர் கண்டெடுத்த அந்த நூல், உண்மையில் ஒரு கணிதர் சக கணிதருக்கு எழுதிய விளக்கக் கட்டுரையே. இம்முறை கண்டுபிடிக்க உதவும், ஆயினும் இது நிறுவல் ஆகாது என்று ஆக்கிமிடிஸ் அதிலே பிரித்துச் சொல்கிறார். தம் கட்டுரையின் எல்லை எது என்பதை முதலில் சொன்னவர் எழுதியவரே.

அவருக்கும் மௌனமே மறுமொழியாக வாய்த்ததுண்டு. நண்பர் கோனனுக்குத் தேற்றங்களை அனுப்பியதையும், கோனன் இறந்து பல ஆண்டுகளாகியும் எவரும் அவற்றைத் தொடவில்லை என்பதையும் சுருளிகள் பற்றிய நூலின் முன்னுரையில் குறிப்பிடுகிறார். அவற்றுள் இரண்டு பிழையானவை. எல்லாம் கண்டறிந்தோம் என்று நிறுவலின்றிச் சொல்வோரைப் பிடிப்பதற்காக வைத்தவை. வாசிக்காமலே பாராட்டுவோர் அக்காலத்திலும் இருந்தனர் போலும்.

நம் சமூகத்தில் குறை சொல்வது பகையாகவும், குறை கேட்பது தோல்வியாகவும் கருதப்படுகிறது. இது நம் மரபு என்று சிலர் சொல்லும்போது எனக்கு வியப்பாக இருக்கும். தொல்காப்பியம் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் பாயிரமே கூறுகிறது. அரங்கேற்றம் என்பது மாலை மரியாதைக்கான விழாவன்று. தடை எழுப்புவோர் எழுப்ப, நூல்செய்தோன் விடைசொல்லி நிற்கும் சபை அது. இன்றைய நூல் வெளியீட்டு விழாக்களில் தடைகள் போய், மாலைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

எழுதுவோருக்கு என் ஆலோசனைகள் சில. "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், அதற்கு மரியாதையான விடை மட்டுமே வரும். "எந்த வரியில் நின்றுவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். கொடுத்த எண்களை மாற்றி, வேறு எண்களுக்குக் கணக்கைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். செய்ய முடிந்தால் முறை விளங்கியிருக்கிறது. முடியாவிட்டால் எங்கே தடுக்கியதோ அங்கே ஒரு படி குறைகிறது. வாசித்துத் திருத்தியவர் விரும்பினால், அவர் பெயரைக் கட்டுரையின் அடியில் போடுங்கள்.

உலகெங்கும் பரந்திருக்கும் தமிழ் வாசகருக்கும் இதில் ஒரு பங்குண்டு. நாங்கள் அட்சரகணிதம் என்பதைத் தமிழகத்தார் இயற்கணிதம் என்கின்றனர். எங்கள் கேத்திரகணிதம் அவர்களுக்கு வடிவியல். எங்கள் தாயம் அவர்களுக்கு அணி. வன்னியில் எழுதியதைச் சென்னையில் ஒருவரும் ரொறன்ரோவில் ஒருவரும் வாசித்து, எந்தச் சொல்லில் இடறினார்கள் என்று சொன்னால், எழுதியவர் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடலாம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் பொறியியலும் கணிதமும் கற்றவர்கள் நம்மிடையே ஏராளம். ஊர்ப் பாடசாலைகளுக்குக் கட்டடமும் கணினியும் அனுப்புகிறார்கள், நன்றிக்குரிய பணி. அவற்றோடு மாதத்தில் ஒரு மணிநேரத்தையும் ஒதுக்கி, ஊரிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதிய நான்கு பக்கத்தைப் பென்சிலும் கையுமாக வாசித்து, விடுபட்ட படிகளைக் குறித்து அனுப்புவார்களாயின், அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் சொல்லப்படும் ஏக்கர்க் கணக்கு இன்னும் கொஞ்சம் நம்பத்தக்கதாக இருக்கும்.