பிள்ளை உயிரை விக்கிறது இல்லீங்க இது

இன்னிக்கு உபயம், அன்னதானம் பற்றி எழுதல. ரோட்டு விபத்துல அடிபட்ட குடும்பங்களைப் பற்றி ஆலயத் தொண்டர்கள் சார்பா கொஞ்சம் பேசணும்.

மோட்டார்ல போன மகன் இறந்துட்டா, நம்ம சனங்க சொல்ற முதல் வார்த்தை: "அவனே போயிட்டான், காசு எதுக்கு? பிள்ளை உயிரை வித்து சாப்பிடறதா?" அந்த வலி எங்களுக்கும் புரியுது. ஆனா இந்த எண்ணம் தப்பு. மலேசியாவில் ஓடுற ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டாயம்னு சட்டம் வைத்ததே, அடிபட்டவங்க நடுத்தெருவில் நிற்கக் கூடாதுன்னுதான். மகன் சம்பளத்தில் வாடகை கட்டிய தாய்க்கு அது பிச்சை இல்லை, உரிமை.

முதல் விஷயம், ரோட்டோரமா 300, 500 வெள்ளி வாங்கிட்டு சமாதானமா போறது. உள்காயம் மறுநாள்தான் தெரியும். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்யணும், அது சட்டம். வண்டி நம்பர், இடத்தின் படம், பார்த்தவங்க போன் நம்பர், ஆஸ்பத்திரி ரசீது எல்லாத்தையும் பத்திரமா வைங்க.

இரண்டாவது, சொக்சோ. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் அதில் சேரும். ஆனா வழியை விட்டு சொந்த வேலையா வேற பக்கம் போயிருந்தா அது வேலை விபத்துன்னு கணக்கில் வராது. கிலாங்கில் ஷிப்ட் பார்க்கிற எங்களுக்குத் தெரியும், பஞ்ச் கார்டு நேரம்தான் பெரிய சாட்சி. முதலாளிக்குத் தகவல் போனதும் 48 மணி நேரத்தில் அவர் சொக்சோவுக்குத் தெரிவிக்கணும். சிலர் இழுத்தடிக்கிறாங்க. அப்போ சும்மா இருக்காதீங்க, நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்க. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இது உண்டு.

சொக்சோ வாங்கினா வழக்கு போட முடியாதுன்னு சொல்றதை நம்பாதீங்க. இடித்தவர் வெளியாள்னா அவர்மேல் வழக்கு போடலாம். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லைன்னாலும் கதை முடிஞ்சிடல. மோட்டார் இன்சூரன்ஸ் பீரோ மூலம் கேட்க வழி இருக்கு.

காலக்கெடு முக்கியம். தீபகற்பத்தில் காயத்துக்கு 6 வருஷம். உயிரிழப்பு என்றால், குடும்பம் 3 வருஷத்துக்குள் வழக்கு போடணும். அரசாங்க வண்டி இடித்தாலும் 3 வருஷம்தான். இறந்தவர் கொடுத்து வந்த குடும்பச் செலவு, ஈமச்சடங்குச் செலவு இரண்டையும் கேட்கலாம். துக்க இழப்பீடு 2019-இல் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 ஆக உயர்ந்தது. அது யாருக்குச் சேரும் என்பது உறவைப் பொறுத்தது, அதை வழக்கறிஞரிடம் கேளுங்க.

எங்களுக்குக் கோபம் வர்றது இங்கதான். 16-ஆம் நாள் கருமக்கிரியை முடியறதுக்குள்ள ஏஜெண்ட் வாசலில் வந்து நிற்கிறான். "கேஸ் ஜெயிச்சா பாதி கொடுங்க, தோத்தா ஒண்ணும் வேணாம்" என்கிறான். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று வழக்கறிஞர் பேசுவதை இந்நாட்டு வழக்கறிஞர் சட்டமே அனுமதிக்கல. வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டா அனுப்பி வைங்க. வழக்கறிஞரை நீங்களே தேடி, அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசுங்க.

பணம் போன உயிரைத் திருப்பித் தராது, உண்மை. ஆனா பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும், மருமகள் யாரிடமும் கையேந்த வேண்டாம். அதையும் சாமி காரியமாத்தான் நாங்க பார்க்கிறோம். கோயில் அறிவிப்புப் பலகையில் உபய பட்டியலுக்குப் பக்கத்தில் இந்த விவரமும் இருக்கணும் என்பது எங்கள் கருத்து.

போலீஸ் நிலையத்துக்கோ சொக்சோவுக்கோ போகத் துணை வேணும்னா, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் எங்களைக் கேளுங்க. பாரம் நிரப்பத் தெரிஞ்ச இளைஞர்களும் கை கொடுங்க. தெரிஞ்ச குடும்பங்களுக்கு இதை அனுப்பி வைங்க. மோட்டார்ல போறவங்க மெதுவா போங்க.