நொட்டை சொல்பவர்கள் வாழ்க!

ஜப்பான் மொழியில் 'கொமகாய்' என்று ஒரு பெயரடை உண்டு. (காய்கறி இல்லை மக்களே!) மாவு, மணல் மாதிரி பொடியாக இருப்பதைச் சொல்ல அந்த வார்த்தைதான். சின்ன விஷயத்தையும் விடாமல் பார்த்து வேலை செய்பவரை அதே சொல்லால் பாராட்டுவார்கள். எதற்கெடுத்தாலும் குறை சொல்பவரை அதே சொல்லால் திட்டவும் செய்வார்கள்.

நம்மிடம் இதற்கு இரண்டு வார்த்தை. 'நுணுக்கமானவர்' என்றால் மாலை போடுவோம். 'நொட்டை சொல்றான்' என்றால் ஆளையே ஒதுக்கிவிடுவோம். கொடுமை என்னவென்றால், பாதி நேரம் இரண்டும் ஒரே ஆள்தான்! கோயில் சிற்பத்தில் பார்த்தால் நுணுக்கம். நம் வேலையில் கை வைத்தால் நொட்டை.

எங்கள் அத்திப்பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1830 மெகாவாட். எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கலந்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய்கள் ஒழுகின. சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. விடாமல் 'நொட்டை' சொன்னவர்கள் மீனவர்கள். கோர்ட் வரை போனார்கள். 2022ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அவர்கள் பக்க நியாயத்தை ஏற்று, பாழான இடங்களைச் சீரமைக்க உத்தரவு போட்டது.

"கொஞ்சூண்டு தூசிக்கு இவ்வளவு அலட்டலா?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. காற்றில் 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்தான் நுரையீரலின் அடி வரை போகிறது. அது நம் தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பொடி எவ்வளவு பொடியோ, ஆபத்து அவ்வளவு பெரிசு. கொமகாயான சாம்பலுக்குக் கொமகாயான ஆள்தான் சரி.

"அப்படியென்றால் மார்ஜின் கோணல் என்று ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிபவர்களும் வாழ்கவா?" என்று கேட்பீர்கள். இல்லை. அது அதிகாரம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் தேடிப் பிடிக்கும் குறை வேறு, கீழே இருப்பவர் மேலே பார்த்துக் கேட்கும் கேள்வி வேறு. ஆனால் நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள்: முதல் ஆளுக்குக் 'கறாரான ஆபீசர்' என்று பெயர். இரண்டாவது ஆளுக்குத்தான் 'நொட்டை' பட்டம்!

அடுத்த முறை யாராவது "அண்ணே, இங்க ஒழுகுது" என்று சொன்னால் அவர் வாயை அடைக்காதீர்கள். போய்க் குழாயை அடையுங்கள்.